ஐந்தாவது கட்டில்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் விடியற்காலை ரயில் ஏறுகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள், ஈவ்லினைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கைக்குட்டை போட்டு சீட் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நின்றபடியே தூங்குவாள், இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்ததும் தானாக முழித்துக்கொள்வாள். பெங்களூரில் ஒரு ரெடிமேட் துணி கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தாள். சட்டையில் ஒரு தையல் பிசகியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பொய் சொல்வாள் என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லத் தெரியாது என்றில்லை, அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவள், ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே ஒன்றுக்கு இரண்டாகப் பொய் சொன்னாள். அதுவும் யாரை வைத்து? எலைனை வைத்து.

எலைன் அவளுடைய நாத்தனார், கணவன் சாம்ராஜின் தங்கை. சுரங்கத்தை மூடி சாம்ராஜ் வேலையில்லாமல் நின்றபோது மகன் டென்னிஸ் சின்னப் பையன், மகள் ஐடா கைக்குழந்தை. ஈவ்லின்தான் பெங்களூருக்கு ரயில் ஏறினாள். இருட்டில் போனாள், இருட்டில் வந்தாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டியது, ஊட்டியது, ஜுரம் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது எல்லாம் எலைன். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். நடுவில் பக்கத்து ஆண்டர்சன்பேட்டையிலிருந்து எலைனுக்கு ஒரு வரன் வந்தது. பேக்கரி வைத்திருந்த பையன், தங்கமான குணம். ஐடா நடக்கட்டும், அப்புறம் பேசலாம் என்றாள் ஈவ்லின். ஐடா நடந்தாள், ஓடினாள், பள்ளிக்கூடம் போனாள். அந்தப் பையன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். எலைன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஈவ்லினுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்டுக்குப் போனவன் வீடு திரும்பும்வரை அவன் தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருப்பார்கள். அவன் வந்து தன் கையால் மூடியைத் திறந்து சாப்பிட்ட பிறகுதான் அடுப்பங்கரை விளக்கை அணைக்க வேண்டும். மூடிய தட்டு வீட்டில் காத்திருந்தால் சுரங்கத்திலிருந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி வருகிறவனுக்கு ஒரு குறையும் வராது என்பது நம்பிக்கை. சுரங்கம் போயிற்று, வழக்கம் போகவில்லை. கேஜுக்குப் பதில் ரயில், அவ்வளவுதான். எந்த நேரத்துக்கு ரயில் வந்தாலும் ‘ஈவ்லின்’ என்று பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டு மூடியபடி இருக்கும். பக்கத்தில் எலைன் உட்கார்ந்திருப்பாள். சாப்பிடுங்க அண்ணி, ஆறிடும் என்பாள். இத்தனை வருஷமாக அதே வார்த்தைதான்.

இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ரயிலில் எல்லோரும் சொல்வார்கள். ஈவ்லினும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். உள்ளே ஒரு முள் இருந்தது யாருக்கும் தெரியாது. டென்னிஸுக்கு வேலை கிடைத்தபோது அவன் முதலில் போன் செய்தது அத்தைக்கு. ஐடா பெங்களூரில் ஹாஸ்டலில் இருந்து பேங்க் வேலைக்குப் போகிறாள். அவளுக்குத் தலைவலி வந்தால் அது முதலில் தெரிவது அத்தைக்கு. பெற்றவள் நான், சம்பாதித்துப் போட்டவள் நான், ஆனால் பிள்ளைகள் அவளுடையவர்கள் என்று ஈவ்லினுக்கு வயிறு எரியும். எரிகிறதே என்று அவமானமாகவும் இருக்கும். இரண்டையும் ரயிலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைவாள்.

ரிட்டயர் ஆனதும் டென்னிஸ் அம்மாவுக்கு ஒரு பரிசு சொன்னான். பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் வெள்ளைக்காரன் காலத்து ஓட்டல் ஒன்று பாழடைந்து பூட்டிக் கிடந்தது. அதைப் பழைய மாதிரியே செப்பனிட்டுத் திறந்திருக்கிறார்கள், குடும்பத்தோடு ஒரு ராத்திரி தங்கலாம் என்றான். அத்தையோட சேர்த்து அஞ்சு பேரும்மா என்று அவன் சொன்ன அந்தக் கணத்தில்தான் ஈவ்லினுக்குப் புத்தி பிசகியது. ஒரே ஒரு ராத்திரி, நான் மட்டும் அம்மாவாக இருந்துவிட்டுப் போகிறேனே என்று தோன்றியது. அத்தைக்கு முட்டி வலி, ரயில் ஏற முடியாது, வரலைன்னுட்டா, நீ போன் பண்ணி வற்புறுத்தாதே, அவளுக்குச் சங்கடமாயிருக்கும் என்று மகனிடம் சொன்னாள். வாயிலிருந்து அது எவ்வளவு வழவழப்பாக வந்தது என்று அவளுக்கே திகைப்பு.

வீட்டில் வேறு பொய். ரூமுக்கு நாலு பேருக்கு மேல் விடமாட்டார்களாம், ஓட்டல் சட்டமாம் என்று சாம்ராஜிடமும் எலைனிடமும் சொன்னாள். ஓட்டல் பேச்சைக் கேட்டவுடனேயே எலைன் தன் நீலப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்தாள். சட்டத்தைக் கேட்டதும், அப்படியா அண்ணி, சட்டம்னா இன்னா பண்றது என்று புடவையை மடித்து உள்ளே வைத்தாள். அப்புறம் ஈவ்லினுடைய பட்டுப் புடவையை எடுத்து, அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க, அதே இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுத்தாள். கிளம்புகிறபோது பிள்ளைகளுக்கு என்று ஒரு டப்பா முறுக்கும் கட்டிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் நாலு பேரும் ஓட்டல் வாசலில் சேர்ந்தார்கள். உயரமான தூண்கள், கால் வைத்தால் முகம் தெரிகிற தரை, கூரையிலிருந்து நீளக் கம்பியில் தொங்குகிற மின்விசிறி. கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஐந்து பேர் என்று புக்கிங் இருக்கிறதே, இன்னொருவர் பின்னால் வருகிறாரா என்று கேட்டாள். டென்னிஸ் சிரித்துக்கொண்டே, அத்தை கடைசி நேரத்தில் மனசு மாறி வந்துவிட்டால் என்ன செய்வது என்று மாற்றாமல் விட்டுவிட்டேன் என்றான்.

சாம்ராஜ் மெல்லத் திரும்பி ஈவ்லினைப் பார்த்தார். நாலு பேருக்கு மேல் விடமாட்டார்கள் என்றாயே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பெட்டியை எடுத்துக்கொண்டு லிப்டைப் பார்த்து நடந்தார்.

லிப்ட் பழைய காலத்தது, மடக்கு இரும்புக் கதவு போட்டது. உள்ளே ஏறியதும் சாம்ராஜ் பழக்க தோஷத்தில் சுவரோடு ஒட்டி நின்று, மணிக்கயிறு எங்கே என்று தலைக்கு மேலே தடவினார். மணி அடிக்காமல் கேஜு நகருமா என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் ஈவ்லினும் சிரித்து, இன்னும் எத்தனை லெவல் இறங்கணும் என்று சீண்டியிருப்பாள்.

அறையைத் திறந்தால் ஐந்து பேருக்கும் படுக்கை போட்டிருந்தது. நாலு போக, ஐந்தாவதாக ஒரு சின்னக் கட்டில், ஜன்னலோரம், மரங்களைப் பார்த்தமாதிரி. இருந்ததிலேயே நல்ல இடம் அதுதான். வெள்ளை விரிப்பு, அதன்மேல் மடித்த துண்டு, துண்டின்மேல் ஒரு சாக்லேட். ஈவ்லின் பழக்கத்தில் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் தையலைப் பார்த்தாள். ஒரு பிசகும் இல்லை. ஐடா ஓடிப்போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து குதித்துவிட்டு, இது அத்தைக்குத்தான் போட்டிருக்காங்க, பாவம், இதெல்லாம் அவங்க பாக்கவேயில்ல என்றாள். சாக்லேட்டை எடுத்து, அத்தைக்குக் கொடுங்க என்று ஈவ்லினுடைய கைப்பையில் போட்டாள். அதற்கப்புறம் சாயங்காலம் முழுக்க ஈவ்லின் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் அந்தக் கட்டில் கண்ணில் பட்டது. அவள் ஆசைப்பட்டபடி பிள்ளைகள் இரண்டு பக்கமும் இருந்தார்கள், அம்மா அம்மா என்றார்கள், போட்டோ எடுத்தார்கள். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

சாப்பாட்டு மேசையிலும் ஐந்து தட்டு. பரிமாறுகிறவர் ஐந்தாவதை எடுக்கப் போனார். ஐடா தடுத்தாள். அத்தை ஷிப்டுக்குப் போயிருக்காங்கன்னு வச்சுக்குவோம் என்று தட்டில் ஒரு கரண்டி சோறும் ஒரு துண்டு மீனும் வைத்து, மேலே துணி நாப்கினை விரித்து மூடினாள். பரிமாறுகிறவருக்கு ஒன்றும் புரியவில்லை. பரவாகில்லா மேடம் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். டென்னிஸ் சிரித்தான். சாம்ராஜ் அந்த மூடிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈவ்லின் தன் தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அறைக்கு வந்ததும், அவள் எதற்கு நடுங்கிக்கொண்டிருந்தாளோ அது நடந்தது. ஐடா வீடியோ காலில் அத்தையைக் கூப்பிட்டாள். வேண்டாம், தூங்கியிருப்பாள் என்றாள் ஈவ்லின். இவ்வளவு சீக்கிரமா, சும்மா இரும்மா என்றாள் மகள். திரையில் எலைனுடைய பாதி முகம் தெரிந்தது, பின்னால் அடுப்பங்கரை விளக்கு. ஐடா போனை அறை முழுக்கச் சுற்றிக் காட்டினாள். தூணைக் காட்டினாள், மின்விசிறியைக் காட்டினாள், கடைசியில் ஜன்னலோரம் வந்து நின்றாள்.

“அந்தக் கட்டிலு யாருக்குடி கண்ணு? காலியா கீதே.”

டென்னிஸ் எட்டிப் பார்த்து, “உனக்குத்தான் அத்தை. அஞ்சு பேருக்குத்தானே புக் பண்ணேன். நீதான் முட்டி வலி, வரலைன்னு அம்மாகிட்ட சொல்லிட்டியே” என்றான்.

நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று ஐடா போனை ஆட்டினாள். அந்த இடைவெளியில் ஈவ்லினுக்குக் காது அடைத்துக்கொண்டது. இதோ உடைந்தது, பிள்ளைகள் முன்னால் என் முகத்திரை கிழிந்தது என்று நினைத்துக்கொண்டாள். சாம்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆமாண்டா,” என்றாள் எலைன். “முட்டி வலிக்குது இல்ல. நான்தான் வரலைன்னு சொன்னேன். அம்மாவ நல்லா பாத்துக்குங்க.”

அவ்வளவுதான். ஈவ்லினைக் கூப்பிடச் சொல்லவில்லை, ஒரு குத்தல் இல்லை. ஈவ்லின் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். மாட்டிக்கொண்டிருந்தால் அழுதிருக்கலாம், சமாதானம் சொல்லியிருக்கலாம். எலைன் காப்பாற்றிவிட்டாளே! யாரைத் தள்ளிவிட்டு வந்தாளோ அவளே கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். படுக்குமுன் சாம்ராஜ் ஜெபம் செய்தார். ஒவ்வொருவர் பேராகச் சொல்லி ஆசீர்வதிக்கக் கேட்டு வந்தவர், வீட்டில் தனியாக இருக்கிற எலைனையும் என்று ஆரம்பித்து அந்த வாக்கியத்தை முடிக்காமலே ஆமென் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை இருப்பதாகத்தான் ஏற்பாடு. மத்தியானமே போகலாம் என்று பிடிவாதம் பிடித்தாள் ஈவ்லின். பிள்ளைகளுக்கு முகம் சுண்டிப் போயிற்று. ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்து வெகுநேரம் ஆன பிறகு சாம்ராஜ் வாய் திறந்தார். எலைன் முட்டிக்கு ஒன்றும் இல்லையே, போன வாரம்கூட சர்ச் படி எல்லாம் கழுவினாளே என்றார். ஈவ்லின் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் மேல் இருந்த ஆசை, எலைன் மேல் இருந்த எரிச்சல், இரண்டு பொய், ஒன்றையும் மறைக்கவில்லை. எதிர் சீட்டில் இருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூடக் கவலைப்படாமல் மூக்கைச் சிந்தினாள். சாம்ராஜ் கேட்டுக்கொண்டார்.

“என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?” என்றார். “அவகிட்ட சொல்லு.”

சொல்லத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது.

அந்த வீட்டுக் கதவை அவர்கள் பூட்டிப் பார்த்ததே கிடையாது. எலைன்தான் எப்போதும் உள்ளே இருப்பாளே. சாவி தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் இருந்தது. அடுத்த வீட்டு வள்ளி எட்டிப் பார்த்து, சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டாங்க, அப்பால நீலப் பொடவை கட்டிகினு ஸ்டேஷன் பக்கம் போனாங்க, எங்கன்னு கேட்டா சும்மான்னாங்க என்றாள். உள்ளே எலைனுடைய போன் சார்ஜரில் கிடந்தது. சாம்ராஜின் முகம் வெளுத்துவிட்டது. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சித்தப்பா மகள் இருக்கிறாள், அங்கே பார்க்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஈவ்லின் அடுப்பங்கரையில் நின்றாள். எலைன் இல்லாத அடுப்பங்கரையை அவள் பார்த்ததில்லை. போய்விட்டாளோ, ஒரேயடியாகப் போய்விட்டாளோ, போனால்தான் என்ன தப்பு என்று மனம் அடித்துக்கொண்டது. ரயில் பாதைப் பக்கம் நினைப்பு போனபோது, கர்த்தாவே, அது மட்டும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னாள். கை சும்மா இருக்கவில்லை. அரிசி களைந்து உலை வைத்தாள், ரசம் வைத்தாள், இரண்டு முட்டையைப் பொரித்தாள். வெளியே போனவளுக்குத் தட்டு வைக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

தட்டு ஸ்டாண்டில் கை வைத்தபோதுதான் அது கண்ணில் பட்டது. சாம்ராஜ் என்று பேர் வெட்டிய தட்டு இருந்தது. ஈவ்லின் இருந்தது. டென்னிஸ், ஐடா, ஞானஸ்நானத்துக்கு வாங்கிய சின்னத் தட்டுகள்கூட இருந்தன. எலைன் என்று ஒரு தட்டு இல்லை. ஸ்டாண்ட் முழுக்கத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், பரண்மேல் இருந்ததைக்கூட இறக்கிப் பார்த்தாள். அப்படியானால் இத்தனை வருஷமாக அவள் எதில் சாப்பிட்டாள்? ஈவ்லினுக்குத் தெரியவில்லை. ஊரான் சட்டையில் ஒரு நூல் பிசகினால் கண்டுபிடிக்கிறவளுக்கு, தன் வீட்டில் ஒருத்தி எதில் சாப்பிடுகிறாள் என்று தெரியவில்லை. அவள் எலைனோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. எலைன் எப்போதும் காத்திருந்தாள், இவள் எப்போதும் சாப்பிட்டாள்.

தன் தட்டை எடுத்துக் கழுவினாள். சோறு போட்டாள், முட்டையை வைத்தாள், மூடினாள். கைப்பையில் இருந்த ஓட்டல் சாக்லேட்டைப் பக்கத்தில் வைக்கப் போய், வெட்கப்பட்டு எடுத்துவிட்டாள். பிறகு எலைன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். எலைன் இல்லாமல் திரும்பி வந்த சாம்ராஜ், வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் ஈவ்லின் வாசலை எட்டிப் பார்த்தாள். சோறு ஆறுகிறதே என்று கவலை, திறந்து பார்க்கவும் பயம். காத்திருப்பது இத்தனை கஷ்டமான வேலை என்று இதுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. செய்துகொண்டிருந்தவள் வாய் திறந்தால்தானே?

தெருவிளக்கு போட்ட கொஞ்ச நேரத்தில் ரயில் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் நீலப் புடவை வாசலில் ஏறியது. எங்கே போனாய் என்று சாம்ராஜ் அதட்டலாகத்தான் கேட்டார், குரல் உடைந்துவிட்டது.

“பங்காருபேட்டை வரைக்கும்தான்ணே,” என்றாள் எலைன். “பிளாட்பாரத்துல உக்காந்து ஒரு டீ குடிச்சேன். வந்துட்டேன்.”

ஈவ்லின் எழுந்து நின்றாள். ரயிலில் அடுக்கிய வார்த்தை ஒன்றுகூட ஞாபகம் இல்லை. “தனியாவா? எதுக்கு எலைன்?” என்று மட்டும் வந்தது.

“முட்டி வலி, ரயில் ஏற முடியாதுன்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன் இல்ல அண்ணி. நெசமாவே முடியாதான்னு பாத்துட்டு வந்தேன்.” கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “ஏற முடியுது.”

ஈவ்லின் அழுதுவிட்டாள். நான்தான் பொய் சொன்னேன், ஓட்டல் சட்டம் எதுவும் கிடையாது, நீ வரக்கூடாது என்றுதான் சொன்னேன், என் பிள்ளைகள் உன்னைத் தேடுகிறதைப் பொறுக்க முடியவில்லை என்று தேம்பித் தேம்பிச் சொன்னாள். எலைன் அவள் கண்ணைத் துடைத்துவிட வரவில்லை. தெரியும் அண்ணி என்றாள். தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். தட்டு விளிம்பில் இருந்த பேரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். முழுசாகச் சாப்பிட்டாள், ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகவில்லை. அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அந்த வீட்டில் அவள் சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டு எழுந்தது அதுதான் முதல் தடவை. ஈவ்லின் குனிந்து தட்டை எடுத்தாள்.

“வர சனிக்கிழமை பெங்களூர் வரைக்கும் போறேன் அண்ணி, ஐடாவப் பாக்க,” என்றாள் எலைன், புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி. “வர லேட்டாவும். தட்டு வச்சிடுங்க.”

வைக்கிறேன் என்றாள் ஈவ்லின். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுப்பங்கரை விளக்கை அவளே அணைத்தாள்.